எரிமலை இல்லாத ஊரில் கொதிக்கும் தண்ணீர்

யுனோமினே மிகச் சின்ன ஊர். ஓர் ஓடை, அதன் இரு கரையிலும் சில விடுதிகள், ஆவி. அவ்வளவுதான். ஓடையோரம் கல் கட்டி, மரச்சட்டம் போட்ட ஊற்று ஒன்று இருக்கிறது. பக்கத்துக் கடையில் வலைப்பையில் போட்டு முட்டை விற்கிறார்கள். பையைச் சட்டத்தில் மாட்டித் தண்ணீருக்குள் இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தண்ணீரின் சூடு சுமார் 90 டிகிரி செல்சியஸ். கால் மணி நேரத்துக்குள் முட்டை வெந்துவிடும். சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் இதிலேயே அவிக்கிறார்கள்.

பசிபிக் கடலை நோக்கி நீளும் ஜப்பானின் கீ தீபகற்பத்தில், குமானோ மலைகளுக்கு நடுவே இருக்கிறது இந்த ஊர். ஆயிரம் ஆண்டுகளாக யாத்திரிகர்கள் நடக்கும் மலைப்பாதை இவ்வழியே போகிறது. 12ஆம் நூற்றாண்டில் பட்டம் துறந்த பேரரசர் கோ-ஷிராகவா கியோட்டோவிலிருந்து 30 தடவைக்கு மேல் குமானோவுக்கு யாத்திரை வந்திருக்கிறார். யாத்திரையின் முக்கியத் தலமான ஹோங்கு கோயிலுக்குப் போகுமுன் யுனோமினேயில் குளித்து உடல் சுத்தம் செய்வது வழக்கம். அந்தக் குளியலறைகளில் ஒன்றான சுபோயு இன்னும் இருக்கிறது. ஓடைக்கு மேல் ஒரு மரக்குடில், உள்ளே இரண்டு மூன்று பேர் மட்டும் இறங்கக்கூடிய பாறைக் குழி. 2004இல் இந்த யாத்திரைப் பாதைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தபோது சுபோயுவும் அதில் சேர்ந்தது.

இதில் என்ன அதிசயம், ஜப்பானில் வெந்நீர் ஊற்றுக்கா பஞ்சம் என்று தோன்றலாம். ஆனால் கீ தீபகற்பத்தில் இன்று உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. அப்படியானால் அடுப்பு எங்கே?

எரிமலை இங்கே ஒரு காலத்தில் இருந்தது. சாதாரண எரிமலை அல்ல. ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்து, நிலமே உள்வாங்கிப் பெரும் பள்ளமான எரிமலை. அப்போது பூமிக்குள் இறுகிப்போன பாறையை மழையும் ஆறும் அரித்து அரித்து வெளியே கொண்டுவந்தன. யாத்திரிகர்கள் கும்பிடும் 133 மீட்டர் நாச்சி அருவி விழுவது அந்தப் பாறையிலிருந்துதான். ஷிங்கு நகரின் மலைமேல் தேரை போல உட்கார்ந்திருக்கும் கொதோபிகி என்ற தெய்வப்பாறையும் அதுவே. பக்தி தேடிப்போய் நின்ற இந்த இடங்களை ஒரே எரிமலைதான் செய்துகொடுத்திருக்கிறது என்பது எனக்குத் தீராத வியப்பு.

ஆனால் அந்த எரிமலையின் சூட்டை நம்பி இன்று முட்டை அவிக்க முடியாது. அது ஆறிப் பல காலம் ஆகிவிட்டது. விடை இன்னும் கீழே இருக்கிறது. பூமியின் மேற்பரப்பாக அமைந்த பெரும் பாறைத் தட்டுகளில் ஒன்றான பிலிப்பைன் கடல் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் இந்தத் தீபகற்பத்தின் அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. பொதுவாக, நுழையும் தட்டு சுமார் 100 கிலோமீட்டர் ஆழம் இறங்கினால்தான் மேலே எரிமலை பிறக்கும். குமானோவுக்குக் கீழே தட்டு அந்த ஆழத்தை எட்டவில்லை. ஆனாலும் அழுத்தமும் சூடும் ஏற ஏற, அதன் கனிமங்களுக்குள் சிறைப்பட்டிருந்த நீர், ஈரத்துணியைப் பிழிந்ததுபோல வெளியேறுகிறது. அந்தச் சூடான நீர் வெடிப்புகள் வழியே மேலேறி, மழைநீரோடு கலந்து ஊற்றாகிறது என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு.

இதற்குச் சாட்சி ஹீலியம். பூமி உருவானபோதே உள்ளே அகப்பட்டுக்கொண்டது ஹீலியம்-3. மேலோட்டுப் பாறைகளில் யுரேனியமும் தோரியமும் சிதைந்து பிறப்பது ஹீலியம்-4. எரிமலையே இல்லாத இந்தத் தீபகற்பத்தின் ஊற்று வாயுக்களில் ஹீலியம்-3இன் பங்கு வியக்கத்தக்க அளவு கூடுதல். ஆழத்துக்கும் இந்த ஓடைக்கும் நடுவே வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆழத்திலிருந்து கரைத்துக்கொண்டு வருவதையெல்லாம் இந்தத் தண்ணீர் வழியில் இறக்கி வைக்கிறது. உப்புத்தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு போலத்தான். அதற்கு இங்கே 'யுனோஹானா', வெந்நீர்ப் பூ என்று பெயர். ஊர்க் கோயிலான தோகோஜியின் மருத்துவ புத்தர், இப்படிப் படிந்து தானாகவே உருவானவர் என்கிறார்கள்.

வெந்நீர் தரும் அதே தட்டுதான் நிலநடுக்கத்தையும் தருகிறது. 1946 டிசம்பர் 21 அன்று 8 என்ற அளவையொட்டிய, 'நன்காய்' எனப்படும் நிலநடுக்கம் வந்தபோது, யுனோமினேயிலும் கடலுக்கு அப்பால் ஷிகோகு தீவின் தோகோவிலும் ஊற்று நின்றுபோனது. அழுந்திக் கிடந்த நிலம் கடல் பக்கம் விரிய, வெடிப்புகள் அகன்று நிலத்தடி நீர் கீழே போய்விட்டது. சில மாதங்கள் கழித்தே திரும்பி வந்தது.

அடுத்த நன்காய் நடுக்கத்துக்காக ஜப்பான் இன்று காத்திருக்கிறது. ஹோங்கு பகுதியில் நிலவியல் ஆய்வாளர்கள் ஆழ்துளைக் கிணறு தோண்டி, அதன் நீர்மட்டத்தை இரவும் பகலும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.