ரவையும் உப்பும்: பந்தயக் கைத்துவக்கு எப்படித் தெரிவாகிறது?

எங்கள் நாட்டுத் தமிழில் 'ரவை'க்கு இரண்டு பொருள். ஒன்று உப்புமா கிண்டுவது, மற்றது துவக்கில் போடுவது. மாத்தளைப் பக்கத்து எல்கடுவையில் அக்கா வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து, அவள் மகனுக்கு இரண்டாவது ரவையைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தது. கடைசியில் முதலாவது ரவை இருக்கும் இடத்தை, அதாவது அந்த அடுப்பங்கரையையே காட்டித்தான் விளக்கினேன்.

மருமகனுக்குக் கொழும்பில் வேலை. ஒரு நண்பனோடு போய், ஓடி ஓடிச் சுடும் கைத்துவக்குப் போட்டியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். நான் வெளிநாட்டில் இருந்த காலத்தில் அந்தப் போட்டிகளில் நேரம் எடுக்கும் வேலை பார்த்தவன் என்பது அவனுக்குத் தெரியும்.

“மாமா, எந்தத் துவக்கு நல்லது?”

அவன் கேட்டு வாய் மூடவில்லை, அக்கா ரொட்டித் தட்டோடு திரும்பினாள். “இந்த வீட்டில துவக்குப் பேச்சு எடுக்காதீங்க.”

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1983 இலிருந்து 2009 வரை இந்த நாடு பார்த்த யுத்தத்துக்குப் பிறகு, அந்தச் சொல்லைக் கேட்டால் எந்தத் தாய்க்கும் நல்ல நினைவு வராது. ஆனால் இந்த விளையாட்டு முழுக்கக் கட்டுப்பாட்டின் மேல் நிற்பது. கருவியைத் தெரிவு செய்வதும் அதே கட்டுப்பாட்டுக்குள்தான். அதை மகனுக்கு மட்டுமல்ல, அவளுக்கும் சொல்ல வேண்டும் என்று பட்டது.

“எந்தத் துவக்கு என்பது கடைசிக் கேள்விடா,” என்றேன். “எந்தப் பந்தியில் உட்காரப் போகிறாய் என்பது முதல் கேள்வி. அடுத்தது ரவை. அதற்கடுத்தது இடுப்புப் பட்டி. துவக்கு அப்புறம்.”

டோக்கியோ ஒலிம்பிக்கில் எங்கள் தெஹானி எகொடவெல பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் சுட்டது பலருக்கு நினைவிருக்கும். அது ஒரே இடத்தில் அசையாமல் நின்று சுடுவது. மருமகன் பார்த்தது வேறு. 1976 மே மாதம் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள கொலம்பியா நகரில் அமைக்கப்பட்ட ஐபிஎஸ்சி என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் விதிகளின்படி நடக்கும் போட்டி அது. ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். துல்லியம், வலு, வேகம் என்ற பொருள் தரும் மூன்று இலத்தீன் சொற்கள் அதன் இலச்சினை வாசகம். இன்று இலங்கையும் இந்தியாவும் உட்பட உலகின் பல நாடுகள் அதில் இருக்கின்றன. 2022இல் உலகப் போட்டி தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்தது.

புள்ளி போடும் விதத்தை அக்காவை வைத்தே சொன்னேன். காலையில் தோட்டத்து வேலைக்குக் கூடும் பெரட்டுக்குப் போவதற்கு முன் அவள் ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுக்க வேண்டும். ரொட்டி கருகினாலும் தோல்வி, பெரட்டுக்குப் பிந்தினாலும் தோல்வி. நல்ல ரொட்டி எத்தனை என்பதை எடுத்த நேரத்தால் வகுத்தால் அவளுடைய காலைப் பொழுதின் மதிப்பெண் வரும். இந்த விளையாட்டிலும் கணக்கு அதுதான்: பெற்ற புள்ளிகளைச் செலவான விநாடிகளால் வகுக்க வேண்டும். அட்டை இலக்கின் நடுப்பகுதி 'ஏ', அதற்கு 5 புள்ளி. அதற்கு வெளியே 'சி', விளிம்பில் 'டி'. தவறினால் பத்துப் புள்ளி கழியும். சுடக்கூடாத அட்டை என்று நடுவே நிறுத்தி வைத்திருப்பதைத் தொட்டாலும் பத்துக் கழியும்.

இங்கேதான் வலு உள்ளே வருகிறது. குறைந்த வலு ரவைக்கு 'மைனர்' என்றும் கூடிய வலுவுக்கு 'மேஜர்' என்றும் பெயர். 'ஏ' இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் 'சி'க்கு மேஜரில் 4, மைனரில் 3. 'டி'க்கு மேஜரில் 2, மைனரில் 1. ஒருவன் 24 ரவை சுடுகிறான், 20 'ஏ', 4 'சி' என்று வைத்துக்கொள்வோம். மைனரில் 112 புள்ளி, மேஜரில் 116. மைனர்காரன் 14 விநாடியில் முடித்தால் 112ஐ 14ஆல் வகுக்க 8. மேஜர்காரனுக்கு உதைப்பு அதிகம், அரை விநாடி பிந்தி 14.5இல் முடித்தால் 116ஐ 14.5ஆல் வகுக்க அதுவும் சரியாக 8. அந்த நாலு புள்ளி லாபத்தை அரை விநாடி விழுங்கிவிட்டது. மைனர்காரன் நிதானித்து 24ஐயும் நடுவில் போட்டால் அதே 14 விநாடியில் 8.57. கூடக் காரம் போட்டால் கூட ருசி என்று நினைக்கிற புது மருமகளைப் போல, புதிதாக வருகிறவர்கள் முதலில் கூடிய வலுவைத்தான் தேடுகிறார்கள். கை பழகும்வரை மைனர்தான் நல்லது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பந்தி என்று சொன்னது பிரிவுகளை. 'புரொடக்‌ஷன்' என்பது வீட்டுச் சமையல்: கூட்டமைப்பு அங்கீகரித்த பட்டியலில் உள்ள மாதிரிகள் மட்டும், பெரிய மாற்றம் எதுவும் கூடாது, எல்லாருக்கும் மைனர் புள்ளிதான், தொடங்கும்போது ரவைக்கூட்டில் 15க்கு மேல் போட முடியாது. 'ஓபன்' என்பது கலியாண வீட்டுச் சமையல். சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடியும் கொம்பன்சேட்டரும் அதில் அனுமதி. கொம்பன்சேட்டரைக் கேத்தலைப் பார்த்தால் விளங்கும். கொதிக்கிற ஆவி மூக்கு வழியாக ஒரு பக்கம் பாயும். குழல் முனையில் மேற்பக்கமாகத் துளை வைத்தால் வெடிவாயு மேலே சீறி, முனையைக் கீழே அழுத்தும். ஆனால் அதற்கு நிறைய ஆவி வேண்டும். மெலிந்த ரவையைப் போட்டால் விலை கொடுத்து வாங்கிய கொம்பன்சேட்டர் சும்மா கனத்துக்கொண்டு தொங்கும். இவை தவிர 'ஸ்டாண்டர்ட்', 'கிளாசிக்', 'ரிவோல்வர்' என்று வேறு பிரிவுகளும் உண்டு. தொடங்குகிறவனுக்கு வீட்டுச் சமையல் போதும்.

இனி ரவை. இதில்தான் மருமகனை நெடுநேரம் உட்கார வைத்தேன்.

வலுவை அளக்கும் கணக்கு இது: ரவையின் முன்னாலிருக்கும் ஈயக் குண்டின் எடையைக் கிரெய்னிலும், அதன் வேகத்தை விநாடிக்கு எத்தனை அடி என்றும் எடுத்து, பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். கிரெய்ன் என்பது தானிய மணியிலிருந்து வந்த பழைய எடை, எங்கள் தட்டார் நெல்லெடையும் குன்றிமணியும் வைத்துப் பொன் நிறுத்ததைப் போல. ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 65 மில்லிகிராம். மைனருக்கு இந்தக் கணக்கு 125ஐத் தொட வேண்டும். மேஜருக்கு ஸ்டாண்டர்ட் பிரிவில் 170, ஓபனில் 160.

124 கிரெய்ன் குண்டு 1050 அடி வேகத்தில் போனால் 130க்குச் சற்று மேலே. 147 கிரெய்ன் குண்டு 885 அடியில் போனாலும் 130க்குச் சற்று மேலேதான். கணக்கு ஒன்று, கைக்குத் தெரிவது வேறு. இலேசான குண்டு வேகமாகப் போகையில் உதைப்பு வெடுக்கென்று இருக்கும். கனமான குண்டு மெதுவாகப் போகையில் ஒரு தள்ளலாகத் தெரியும். ஒரே அளவு உறைப்பு என்றாலும் பச்சைமிளகாய் நாக்கில் குத்துவதும் மிளகு தொண்டையில் மெல்ல ஏறுவதும் வேறுவேறு அல்லவா? மாத்தளைக்காரருக்கு மிளகைப் பற்றி நான் சொல்லித் தரத் தேவையில்லை.

பெரிய போட்டியில் நடுவர்கள் நம் ரவையில் சிலவற்றை எடுத்துப் போய், குண்டை நிறுத்து, வேகமானியின் முன் நம் துவக்காலேயே சுட்டுப் பார்ப்பார்கள். மேஜர் என்று சொல்லி வந்தவன் குறைந்தால் மைனர் புள்ளியோடு போக வேண்டும். மைனரிலும் குறைந்தால் சுடலாம், புள்ளி கிடையாது. குழம்பில் உப்புக் குறைந்தால் அள்ளிப் போடலாம். இங்கே அதற்கு வழி இல்லை. அதனால்தான் 125 என்றால் 130ஐப் பார்த்துப் போகச் சொல்கிறேன். ஒரே ரவை நீளம் குறைந்த குழலில் வேகம் குறையும். பல வகை வெடிமருந்துகள் வெயிலில் ஒரு மாதிரியும் குளிரில் ஒரு மாதிரியும் எரியும். எல்கடுவையின் பனியில் உளுந்து மா பொங்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது, தம்புள்ளை வெயிலில் எவ்வளவு நேரம்? 130ஐத் தாண்டி 150க்குப் போனாலும் ஒரு புள்ளி கூடாது, உதைப்புத்தான் கூடும்.

இன்னொன்று: நன்றாக ஓடுகிற ஒரு வகையைக் கண்டால் அதே உற்பத்தித் தொகுதியில் முடிந்த அளவு வாங்கிவிட வேண்டும். அரிசி மூட்டை மாறினால் உலைத் தண்ணியின் அளவு மாறுவதைப் போலத்தான் இதுவும். அளவில் 9x19 மில்லிமீட்டர்தான் என் தெரிவு. 1902இல் ஜெர்மனியில் கியோர்க் லூகர் வடிவமைத்தது. உலகத்தில் அதிகம் கிடைப்பதும் ஒப்பீட்டளவில் மலிவானதும் அதுவே. துவக்கு ஒருமுறைச் செலவு, ரவையோ மாதாமாதம் வாங்கும் அரிசி. வீட்டுக் கணக்கு இரண்டாவதில்தான் உடையும்.

பட்டிக்கு அஞ்சறைப்பெட்டியைக் காட்டினேன். அக்கா அதைப் பார்த்துப் பார்த்துக் கை வைப்பதில்லை. கடுகு எங்கே, சீரகம் எங்கே என்று விரலுக்குத் தெரியும். இடுப்பில் உறையும் ரவைக்கூட்டுப் பைகளும் அப்படித்தான், ஒவ்வொன்றும் என்றும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில். உறை விசையை முழுக்க மூடியிருக்க வேண்டும், ஓடினாலும் குனிந்தாலும் துவக்கு நழுவக்கூடாது. தளதளவென்று ஆடும் மலிவுப் பட்டி எவ்வளவு நல்ல துவக்கையும் கெடுத்துவிடும்.

நான் நேரம் எடுத்த நாட்களில் துவக்குச் சிக்கிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் குற்றம் ரவைக்கூட்டில்தான் இருக்கும். மணலில் விழும், உள்ளே தூசி போகும், வாய் வளையும். ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதி வைத்தால் எது சண்டித்தனம் பண்ணுகிறது என்று தெரிந்துவிடும். அதைப் போட்டிக்கு எடுத்துப் போகக்கூடாது.

அக்கா அதுவரை பேசாமல் ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். “காது கெட்டுப் போகாதா?” என்று கேட்டாள்.

அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. திடீர் ஓசை 140 டெசிபலைத் தாண்டினால் காதுக்கு ஆபத்து. கைத்துவக்கு வெடி அதைத் தாண்டிவிடும். காது மூடியும் கண்ணாடியும் இல்லாமல் மைதானத்துக்குள் கால் வைக்க முடியாது, பார்க்க வருகிறவனும்தான். இரும்பு இலக்கைக் குறைந்தது 7 மீட்டர் தள்ளி நின்று சுட வேண்டும் என்ற விதியும் சிதறல் கண்ணில் படாமலிருக்கத்தான். இன்னொரு விஷயத்தை நான் அழுத்திச் சொன்னேன். வெடிபுகையில் ஈயம் உண்டு, அது கையில் படியும். சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சோற்றில் கை வைக்கக்கூடாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில், சுடப் போட்டுப் போன உடுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

ஒழுங்கு மீறினால் என்ன என்றும் கேட்டாள். துவக்கு முனை அனுமதித்த எல்லைக்கு வெளியே திரும்பினால் வெளியே. கை தவறிக் கீழே போட்டால் வெளியே. நகரும்போது விரல் விசைமேல் இருந்தாலும் வெளியே. உலகச் சம்பியனாக இருந்தாலும் அன்றைய போட்டி அவருக்கு அத்தோடு முடிந்தது. நடுவர் சொல்லாமல் யாரும் துவக்கில் ரவை போடுவதில்லை. அக்கா “அப்ப சரி” என்று சொல்லவில்லை. ஆனால் பேச்சை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

இனித்தான் துவக்கு. சுட்டதும் அதன் மேற்பாகம் பின்னே போய் வெற்றுக் கோதை எறிந்துவிட்டு, சுருள்வில் தள்ள முன்னே வந்து அடுத்த ரவையைக் குழலுக்குள் ஏற்றும். வில் இறுக்கமாகவும் ரவை மெலிந்ததாகவும் இருந்தால் மேற்பாகம் பாதி வழியில் திரும்பிவிடும், மா இறுகிய இடியப்ப உரலைப் போல. ஆகவே முதலில் ரவை, அதற்கேற்ற வில். எடையைப் பார்த்தால், செக் நாட்டின் சிஇசட் ஷேடோ 2 முழு உருக்கு, 1.3 கிலோவுக்கு மேல். அடுப்பில் வைத்த இரும்பு ரொட்டிக்கல் போல அசையாது. ஒஸ்திரியாவின் கிளொக் 34 பொலிமர் உடல், அலுமினியத் தாச்சி போல இலேசு, பராமரிப்புக் குறைவு. ஷேடோவில் முதல் சூட்டுக்கு விசை கனக்கும், பிறகு இளகும். கிளொக்கில் முதலும் கடைசியும் ஒன்று. புதிதாகப் பழகுகிறவனுக்கு இரண்டாவது எளிது, வெற்றிக்கு முதலாவது உதவும்.

இரண்டையும் தாண்டிய ஒரு விஷயம் கை அளவு. அக்காவின் அம்மிக் குழவி எங்கள் அம்மா காலத்தது. அதைவிட அழகான குழவி சந்தையில் கிடைக்கும், அவள் கைக்கு அது பிடிக்காது. பிடியைச் சுற்றிக் கை முழுக்கப் படிந்து, விரலின் நுனிச் சதை இழுக்காமல் விசையை எட்ட வேண்டும். எட்டாத துவக்கு எவ்வளவு புகழ்பெற்றதென்றாலும் வேண்டாம்.

“வாங்கலாமா?” என்றான் மருமகன். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒரு ரவையைக்கூட வைத்திருக்கக்கூடாது. தனியாள் ஒருவர் கைத்துவக்கு எடுப்பது லேசான காரியமில்லை. அதனால் கழகத்தின் வழியாக, கழகத்தின் கருவியில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்கத்தான் தொடக்கம். காற்றுக் கைத்துப்பாக்கியில் தொடங்கினாலும் குறைவில்லை. ஜப்பானில் பொதுமக்கள் கைத்துவக்கு வைத்திருக்க அநேகமாக வழியில்லை. அந்த நாட்டின் தட்சுயா சக்காய் பெரும்பாலும் பிளாஸ்டிக் மணி சுடும் விளையாட்டுத் துப்பாக்கியில் பழகி, 2004இல் அமெரிக்கா போய் ஸ்டீல் சேலஞ்ச் என்ற வேகச் சூட்டுப் போட்டியின் பட்டத்தை வென்று வந்தார்.

மருமகனுக்குச் சொன்னதையே இதைப் படிக்கும் மலையகப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். முதல் இரண்டு மூன்று போட்டிகளுக்கு வெறுங்கையோடு போங்கள். காது மூடியும் கண்ணாடியும் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். ஒவ்வொருவர் சுட்டு முடித்ததும் அட்டையில் விழுந்த ஓட்டைகளுக்குக் காகிதம் ஒட்ட எப்போதும் ஆள் தேவைப்படும். அந்த வேலையைக் கேட்டு வாங்குங்கள். யாருடைய துவக்கு ஓடுகிறது, யாருடையது சிக்குகிறது, யார் ஓட்டை நடுவில் விழுகிறது என்று பொழுது சாயும்வரை பக்கத்தில் நின்று பார்க்கலாம்.