தண்ணீருக்கு இடம் விட்ட ஊர்: மஸ்கெலியா

மலைநாட்டில் மஸ்கெலியா என்றொரு சிறு பட்டணம் உண்டு. சிவனொளிபாதமலைக்குப் போகும் யாத்திரிகர்களிற் பலர் இந்த ஊரைக் கடந்துதான் நல்லதண்ணிக்குச் செல்கிறார்கள். தேநீர் குடிக்கவும் கம்பளித் தொப்பி வாங்கவும் சிறிது நேரம் இறங்குவார்கள். பின்னர் மீண்டும் பஸ் ஏறிவிடுவார்கள். இந்தக் கடைத்தெரு முன்னர் வேறோர் இடத்தில் இருந்தது என்பதும், அந்த இடம் இன்று தண்ணீருக்கு அடியிற் கிடக்கிறது என்பதும் அவர்களிற் பலருக்குத் தெரியாது.

ஊரைவிட்டு எழும்பி வந்த நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. மேலும், நம்மிற் சிலருக்கு மலையகம் பாட்டன் பூட்டன் வாழ்ந்த இடம். 1977ம், 1983ம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் தோட்டங்களைவிட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் கமம் செய்த குடும்பங்கள் பல. யாத்திரையாகவோ உறவினரைக் காணவோ அந்தப் பக்கம் போக நேர்ந்தால், வழியிற் காண்பவற்றை விளங்கிக்கொள்ள இக்கட்டுரை உதவும்.

போகும் வழி

கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ முதலில் ஹற்றனுக்குச் செல்லவேண்டும். அங்கிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்கு பஸ் உண்டு. டிக்கோயாவைத் தாண்டியதும் தேயிலை மலைகளுக்கு நடுவே காசல்ரீ நீர்த்தேக்கம் தெரியும். அதன் கரையில், மேட்டில் நிற்கும் சிறிய கற்கோயில் வார்லி கிறிஸ்து ஆலயம். அது 1878ல் கட்டப்பட்டது. அணை வருவதற்கு ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு ஜெபம் நடந்தது. ஆலயம் மேட்டில் இருந்தபடியால் தப்பியது. பள்ளத்தில் இருந்தவை தண்ணீருக்குள் போயின.

நோர்வூட்டிலிருந்து மலையேறி இறங்கினால் மஸ்கெலியா. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரம். இரவில் குளிர் கடுமையாக இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை விடாது பெய்யும். அட்டைக் கடியும் உண்டு. மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை யாத்திரைக் காலம். அந்த மாதங்களே போவதற்கு உகந்தவை.

தண்ணீர் செய்யும் வேலை

ஊருக்குக் கீழே பரந்து கிடப்பது மவுசாகலை நீர்த்தேக்கம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 1 இலட்சம் ஏக்கர் அடி. நமக்குத் தெரிந்த இரணைமடுக் குளத்தின் பழைய கொள்ளளவும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் கட்டிய விதம் வேறு. இரணைமடுவிற் போலச் சமநிலத்தில் தண்ணீரை மறிக்க ஒரு மைலுக்கு மேற்பட்ட மண்ணணை வேண்டும். இங்கோ இரண்டு மலைகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய வாயை அடைத்தாற் போதும். ஆகவே 200 மீற்றருக்கும் குறைவான நீளத்தில், ஏறத்தாழ 140 அடி உயரத்தில் கொங்கிறீற் சுவரைக் கட்டி மஸ்கெலியா ஓயாவை மறித்திருக்கிறார்கள்.

நமது குளங்களில் துருசைத் திறந்தால் தண்ணீர் வாய்க்கால் வழியே வயலுக்குப் பாயும். இங்கே தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் நுழைந்து, பெருங்குழாய்களின் வழியே கீழே விழுந்து, சில்லைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. ஒரு தடவை உழைத்த தண்ணீர் அத்துடன் வீணாவதில்லை. அதைக் கீழே மற்றொரு சிறு தேக்கத்தில் மறித்து, திரும்பவும் விழ விடுகிறார்கள். காசல்ரீ தண்ணீர் விமலசுரேந்திர, பழைய லக்ஷபான, பொல்பிட்டிய என்னும் மூன்று மின்நிலையங்களிலும் உழைக்கிறது. மவுசாகலைத் தண்ணீர் கெனியன், புதிய லக்ஷபான ஆகிய இரண்டிலும் உழைத்துவிட்டுப் பொல்பிட்டியவுக்கு வருகிறது. இதற்குப் பின் ஓடுவதே களனி கங்கை. கொழும்பு நகரத்தார் குடிப்பதும் பெரும்பாலும் இந்த ஆற்றின் தண்ணீரைத்தான்.

இந்த மலையாறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். லக்ஷபான மின்நிலையம் 1950ல் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ அணை 1965ல் முடிந்தது. மவுசாகலை அணை 1960களின் பிற்பகுதியில் எழுந்தது. அதனுடன் பழைய மஸ்கெலியாவின் காலமும் முடிந்தது.

பழைய ஊர்

தண்ணீர் ஏறுமுன்னர் கடைக்காரர்கள் மேட்டு நிலத்துக்கு நகர்ந்தார்கள். இன்று நாம் காணும் பட்டணம் அப்படி உருவானது. பள்ளத்தில் இருந்த தேயிலை நிலங்களும் மூழ்கின. கடும் வறட்சி வந்து நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பழைய கோயிலின் கட்டடம், பள்ளிவாசல், விகாரை ஆகியவற்றின் எச்சங்கள், பழைய வீதி எல்லாம் வெளியே தெரியும். அப்போது சனங்கள் சென்று பார்ப்பார்கள். பார்க்கப் போகிறவர்கள் கரையோடு நின்று பார்ப்பதே நல்லது. காய்ந்ததுபோல் தோன்றும் சேற்றில் கால் புதையும். அணைக்கட்டுப் பகுதி காவலுக்கு உட்பட்டது. அங்கு அனுமதியின்றிப் படம் எடுக்கக் கூடாது.

ஊர் நகர்ந்தது, ஆனால் பெயர் மாறவில்லை. மக்கள் புதிய இடத்திலும் அதே பெயரை வைத்துக்கொண்டார்கள். அங்கும் வழிபாட்டிடங்களைக் கட்டினார்கள். சந்தை தொடர்ந்தது. இதை நாம் கவனிக்க வேண்டும்.

உறுதி உள்ளவரும் இல்லாதவரும்

ஆனால் எல்லோருக்கும் இழப்பு ஒரேமாதிரியாக இருக்கவில்லை. அரசாங்கம் பொதுத் தேவைக்காகக் காணி எடுப்பது 1950ம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின்படி. அச்சட்டத்தின் 7ம் பிரிவின் கீழ் அறிவித்தல் வந்ததும், காணியில் உரித்துள்ளவர்கள் குறித்த நாளுக்குள் தமது கோரிக்கையை எழுத்தில் கொடுக்க வேண்டும். நட்டஈடு உரித்தைக் காட்டக்கூடியவருக்கே. தோட்டத்து லயங்களில் தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு வீட்டுக்கும் காணிக்கும் உறுதி இல்லை. 1948ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவர்களாகவும் இருந்த காலம் அது. அந்த மண்ணை உழைத்துப் பண்படுத்தியவர்கள் அவர்கள். தமது என்று காட்ட அவர்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை.

2001ல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட மீள்குடியமர்த்தற் கொள்கை, உறுதி இல்லாதவர்களையும் நியாயமாக நடத்தவேண்டும் என்று கூறுகிறது. அது நல்லதே. ஆயினும் அது கொள்கை, சட்டமல்ல. ஆகவே பத்திரத்தின் பெறுமதி குறையவில்லை.

நாம் செய்யக்கூடியவை

எரேமியா தீர்க்கதரிசி சிறைப்பட்டுப் போன மக்களுக்கு எழுதிய கடிதத்தில், போன இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள் என்று சொன்னதை நாம் அறிவோம். அதே தீர்க்கதரிசி, பகைவர் நகரை முற்றுகையிட்டிருந்த வேளையிலே, ஆனதோத்தில் ஒரு நிலத்தை விலைக்கு வாங்கி, அதன் உறுதியை மண்பாண்டத்தில் இட்டு நெடுநாள் இருக்கும்படி காக்கச் செய்தார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். இருக்கும் இடத்தில் பயிரிடுவது, விட்டுவந்த காணியைக் கைவிடுவது ஆகாது.

உறுதி தொலைந்திருந்தால், பதிவு செய்யப்பட்ட உறுதிக்குக் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். அனுமதிப்பத்திரக் காணியானால் பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும். கிடைத்தவற்றைப் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். இவற்றுடன், வீட்டிலுள்ள முதியவர்களை இருத்திக் காணியின் படம் ஒன்றைக் கீறுங்கள்: நான்கு எல்லை, அயற்காணிக்காரரின் பெயர், கிணறு, பனை, பூவரசு, வாய்க்கால், ஒழுங்கை. படத்தில் நாளைக் குறித்து, அறிந்தவர்களின் கையொப்பமும் வாங்குங்கள். இது உறுதிக்கு ஈடாகாது. ஆனால் எல்லைக் கற்கள் அகன்று, பற்றை வளர்ந்த நிலத்தில் பிள்ளைகள் ஒருநாள் போய் நிற்கும்போது, தங்கள் காணி எது என்று அறிய இதுவே உதவும்.

பழைய மஸ்கெலியாவைத் திரும்பக் குடியேற்ற எவராலும் முடியாது. அதன்மேல் தண்ணீர் நிற்கிறது. நம்மிற் பலருடைய காணிகளின்மேல் தண்ணீர் இல்லை. முதியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதி வைப்போம்.