மணலிடம் மூன்று கேள்விகள்

விளையாட்டாய் ஒரு கணக்கு – 9

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் உட்கார்ந்து எழுந்தால், கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிடுவதற்கு முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். வெள்ளைக்கு நடுவே கறுப்பு, இளஞ்சிவப்பு, தேன் நிறம் என்று பொடிப் பொடியாய்ப் பருக்கைகள் தெரியும். கறுப்பு பெரும்பாலும் இல்மனைட். இளஞ்சிவப்பு கார்னெட். தேன் நிறம் மோனசைட். ரூட்டைலும் சிர்கானும் சில்லிமனைட்டும் கூடவே கலந்து கிடக்கின்றன.

1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டிப்போயிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுகொண்டார். கயிறு வாங்கியவர்களுக்கு அது வெறும் அழுக்கு. இன்று அணுசக்தித் துறையின் கீழுள்ள ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்தின் ஆலை இதே ஊரில் அந்த மணலைப் பிரிக்கிறது. மணல் அள்ளுவது குறித்துக் கடற்புறத்து மக்களுக்கு இருக்கும் கவலைகள் சிறியவை அல்ல. அவற்றைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இந்த வாரம் நான் சொல்ல வந்தது பிரிக்கிற விதத்தைப் பற்றி.

முதலில் தண்ணீரோடு சுழலவிட்டுக் கனமில்லாத வெள்ளை மணலை ஒதுக்குகிறார்கள். மிஞ்சியதைக் காயவைத்து, சுழலும் உருளை ஒன்றின் மேல் சன்னமாகக் கொட்டி, உயர் மின்னழுத்தத்தில் மின்னேற்றம் கொடுக்கிறார்கள். மின்சாரத்தைக் கடத்தும் பருக்கை, தான் பெற்றதை உருளையிடம் உடனே கொடுத்துவிட்டுத் தெறித்து விழும். கடத்தாதது உருளையோடு ஒட்டிக்கொண்டு சுற்றிப் போகும். பின்னால் அதைப் பிரஷ் வழித்து எடுக்கும். அடுத்தது காந்தம்: இழுபடுவது ஒரு பக்கம், படாதது மறு பக்கம். அதாவது, ஒவ்வொரு பருக்கையிடமும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்விகளை வரிசையாகக் கேட்கிறார்கள்.

ஜார்ஜ் பூல் 1854-ல் வெளியிட்ட நூலில் சிந்தனையையே இப்படி ஆம், இல்லை என்ற கணக்காக எழுதிக் காட்டினார். அந்தக் கணக்கைச் சுவிட்சுகளால் செய்துவிடலாம் என்று 1937-ல் தன் 21-வது வயதில் ஆய்வேட்டில் நிறுவியவர் கிளாட் ஷானன். உங்கள் கைபேசிக்குள் இருப்பது அதுதான்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கோடை விடுமுறையில் அக்கா வீட்டு முற்றத்தில் ஒரு விளையாட்டு செய்தேன். ஆறு தாதுக்களுக்கும் அட்டைகள். அட்டையின் பின்புறம் காந்தம், கரண்ட் இரண்டுக்கும் ஆம் அல்லது இல்லை. சாக்பீஸால் தரையில் பாதை. பிள்ளைகளே பாதையில் காவல் நிற்க வேண்டும். காவல் மூன்று வகை. இரண்டும் வேண்டும் என்பவர் ‘உம்’. ஒன்றாவது வேண்டும் என்பவர் ‘ஆவது’. வந்த பதிலைத் திருப்பிப் போடுபவர் ‘இல்லை’. ஆண்ட், ஆர், நாட் என்று கல்லூரியில் படித்தவைதான். ஆனால் “காந்தமும் கரண்டும்”, “காந்தமாவது கரண்டாவது” என்று தமிழில் சொன்னபோது எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அணிக்கு ஒரு தாது. தன் தாது மட்டும் வீடு வந்து சேருகிற மாதிரி அந்த அணியே காவலை அமைக்க வேண்டும். வேறு அட்டை உள்ளே வந்தால் ஒரு புள்ளி போகும். நிறுத்தும் ஒவ்வொரு காவலுக்கும் ஒரு புள்ளி போகும்.

பத்து நிமிடம்கூட ஓடவில்லை. மோனசைட் அணியின் பெண் பாதி வழியில் நின்றுவிட்டாள். “மாமா, கார்னெட்டும் இதே வழியாத்தான் வருது. நான் ஆரை உள்ள விட?”

அவள் கேட்டது சரி. இரண்டும் காந்தத்துக்கு இழுபடுபவை, இரண்டும் மின்சாரம் கடத்தாதவை. இரண்டு கேள்விகளுக்கு நான்கு பதில் வரிசைகள்தான் உண்டு. ஆறு தாதுக்களை அதில் எப்படி அடைப்பது? விளையாட்டு நின்றது, பாடம் அங்கேதான் தொடங்கியது. விளையாடுகிறவருக்குத் தன் ஆட்டம் ஒன்று போதும். விளையாட்டை அமைப்பவர் வரக்கூடிய அத்தனை அட்டைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு வரிசையை விட்டாலும் ஆட்டம் உடையும்.

மூன்றாவது கேள்வியைப் பிள்ளைகளே கேட்டார்கள்: கனமா? தண்ணீரைவிட 4.4 மடங்குக்கு மேல் கனமென்றால் ஆம் என்று கோடு போட்டோம். (இது ஆலையின் அளவுகோல் அல்ல, எங்கள் முற்றத்துக் கோடு.) மோனசைட் ஏறத்தாழ 5, இல்மனைட் 4.7, சிர்கான் 4.6, மூன்றும் ஆம். ரூட்டைல் 4.2, கார்னெட் 4, சில்லிமனைட் 3.2, மூன்றும் இல்லை. மூன்று கேள்விக்கு எட்டு வரிசை. ஆறு பேரும் தனித்தனி வரிசையில் உட்கார்ந்தார்கள், இரண்டு வரிசை காலி.

அந்தக் காலி இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இல்மனைட் அணி காந்தம், கரண்ட், கனம் என்று மூன்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு பையன் கனத்தைக் கேட்பவனை வெளியே இழுத்துவிட்டு அட்டைகளை ஓட்டிப் பார்த்தான். தப்பாக ஒன்றும் வரவில்லை. காந்தமும் கரண்டும் இருந்து கனமில்லாத தாது நம் அட்டைக் கட்டில் இல்லை. அப்புறம் எதற்கு அந்தக் கேள்வி? சிப் வடிவமைக்கும் பொறியாளர்கள் இதே காலி வரிசைகளைப் பயன்படுத்தித்தான் சுற்றைச் சுருக்குகிறார்கள்.

சிர்கான் பக்கம் ஒரு சண்டை. “காந்தமும் இல்லை, கரண்டும் இல்லை” என்று இரண்டு ‘இல்லை’ நிறுத்தியது ஓர் அணி. “காந்தமாவது கரண்டாவது உண்டென்றால் திரும்பிப் போ” என்று ஒரே ‘இல்லை’ வைத்தது சில்லிமனைட் அணி. கனம் கேட்கும் இடம் வரை இரண்டு பாதையிலும் வந்து சேர்ந்தவை அதே அட்டைகள்! பிள்ளைகள் சண்டை போட்டுக் கண்டுபிடித்த இந்த விதிக்குப் பெயர் டி மார்கன் விதி. அகஸ்டஸ் டி மார்கன் 1806-ல் பிறந்தது நம் மதுரையில். 

இப்படிப் பொருள்களைப் பிரிக்கவைத்துத் தர்க்கச் சுற்று கற்பிக்கும் யோசனை புதிதல்ல. 1982-ல் வாரன் ராபினெட்டும் லெஸ்லி கிரிம்மும் ‘ராக்கிஸ் பூட்ஸ்’ என்ற கணினி விளையாட்டைச் செய்தார்கள். எங்கள் காவல்களைப் போன்ற ‘கேட்’களைக் குழந்தை இணைத்துச் சுற்று அமைக்கும். சரியான உருவம் வரும்போது மட்டும் ஒரு பூட்ஸ் அதை உதைத்துத் தள்ள வேண்டும். எங்களுக்குக் கணினி தேவைப்படவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிய அட்டையே போதுமாக இருந்தது.

உங்கள் வீட்டிலும் அட்டை வெட்டுங்கள். விதிகளைப் பிள்ளைகளே எழுதட்டும், திருத்தப் போகாதீர்கள். அவர்களிடம் இதையும் கேளுங்கள்: காந்தத்தைப் பற்றிக் கேட்காமலே, இரண்டே கேள்வியில் இல்மனைட்டைத் தனியாகப் பிரித்துவிடலாம். எந்த இரண்டு கேள்விகள்? விடை அடுத்த வாரம். அதற்குள் இரண்டு சுவிட்ச், ஒரு டார்ச் பல்ப், ஒரு பேட்டரி, கொஞ்சம் வயர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.