பழைய இரும்பைப் படித்தல்

இலக்கியத்துக்கென ஒதுக்கிய பக்கத்திலே பழைய இயந்திரம் ஒன்றை விலைக்கு வாங்கும் கதைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் வினவலாம். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த வரலாற்றை நாம் மாணவர்க்குப் பெருமையோடு கற்பிக்கின்றோம். சிதைவின் தன்மையை நன்கு ஆராய்ந்து, சிதையாத மூலத்தை உய்த்துணர்வது பதிப்பாசிரியரின் திறம். பிறர் பாவித்த இயந்திரத்தை வாங்கப் புறப்படுபவனுக்கும் அத்திறமே வேண்டும். தேய்மானத்தைப் படிக்கத் தெரியாதவன் பளபளக்கும் பெயின்றுக்குப் பணம் கொடுத்துவிட்டு வீடு திரும்புவான்.

மில்லிங் இயந்திரம் யாது என்பதை முதலிற் கூறிவிடுகிறேன். லேத் எனப்படும் கடைசல் இயந்திரத்தில் வேலைப்பொருள் சுழலும். உளி அதனைச் சீவும். மில்லிங் இயந்திரத்திலோ பல பற்களையுடைய வெட்டி சுழலும். வேலைப்பொருள் மேசையிற் பூட்டப்பட்டு மெல்ல நகரும். உருளையானவற்றை முன்னது செய்யும். தட்டையான முகம், நீண்ட பள்ளம், பற்சில்லு முதலியவற்றைப் பின்னது செய்யும். அமெரிக்காவின் புறொவிடன்ஸ் நகரில் ஜோசப் பிரவுண் என்பார் 1862ஆம் ஆண்டு அமைத்த இயந்திரம் இவ்வினத்தின் வளர்ச்சியில் ஒரு பெருந் திருப்பமாகும். அதற்கு முன்னர், துறப்பண அலகின் முறுக்குப் பள்ளங்களைத் தொழிலாளர் கையரத்தால் அராவிக்கொண்டிருந்தனர் என்றால் அதன் பயனை ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, இவ்வியந்திரத்துக்கும் எங்கள் தீவகத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்போம். ஊர்காவற்றுறை ஒருகாலத்திற் பாய்க்கப்பல்களின் துறைமுகம். 1967இல் நோர்வே நாட்டவர் துணையுடன் காரைநகரில் எழுந்த சீநோர் நிறுவனம் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டியது. இன்று இப்பகுதிக் கடற்றொழில் பெரிதும் இயந்திரத்தையே நம்பியிருக்கின்றது. உள்ளே இயந்திரம் பூட்டிய படகில் விசிறியைச் சுழற்றுவது ஒரு நீண்ட தண்டு. தண்டிலும் விசிறியின் குடத்திலும் ஒத்த பள்ளம் வெட்டி, இடையே சிறு இரும்புத் துண்டொன்றை இறுக்குவார்கள். அத்துண்டைத் தொழிலாளர் ‘கீ’ என்பர். பள்ளத்தைக் ‘கீவே’ என்பர். விரல் நீளப் பள்ளந்தான். அது தேய்ந்து அகன்றால் இயந்திரம் எத்துணை உறுமினும் படகு நகராது.

ஊர்காவற்றுறையிலே ஒரு சிறு கொட்டிலில் லேத் ஒன்றை வைத்துத் தொழில் பழகிவருபவன் யான். புதுத் தண்டைக் கடைந்து கொடுப்பேன். பள்ளம் வெட்ட மட்டும் யாழ்ப்பாண நகருக்கு அனுப்புவேன். நெடுந்தீவிலிருந்து வருபவர் குறிகட்டுவான் வரை கடலைக் கடந்து, பின் தாம்போதிகளைக் கடந்து நகருக்குப் போய், வேலை முடியும்வரை காத்திருந்து திரும்பவேண்டும். ஒரு நாள் போய்விடும். கடைசிப் படகு தவறினால் இரண்டு நாள். கடலுக்குப் போகாத நாள் உலை ஏறாத நாள் என்பதைத் தீவார்க்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. எனவே, லேத் வேலையிற் சேர்த்த காசையும் அம்மாவின் சீட்டுக் காசையும் ஒன்றாக்கி, பழைய மில்லிங் இயந்திரம் ஒன்றை வாங்கத் துணிந்தேன். தவறான இரும்பு வந்துசேர்ந்தால் இரண்டு காசும் கடலிற் போட்டதுபோலாகும்.

கைத்திறனில் நாம் எவர்க்கும் குறைந்தவர்கள் அல்லர். வல்வெட்டித்துறையில் மரத்தாற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு வல்வைக் கடலோடிகளுடன் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறையை அடைந்தது. அதே 1938இலேதான், அதே நியூ இங்கிலாந்துப் பகுதியில், பிறிட்ஜ்போட் நகரத்து மில்லிங் இயந்திரம் விற்பனைக்கு வந்தது. பிற்காலத்தில் உலகெங்கும் பட்டறைகளிற் புகுந்தது. நம்முடைய கப்பல் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்களுடைய இயந்திரத்தின் வழி வந்தவை நம் தீவுகளை எட்டுவதற்கோ நெடுங்காலம் வேண்டியிருக்கின்றது.

பழையதை வாங்குதல் தொடக்கநிலைத் தொழிலாளிக்குத் தகுமா என்பதற்குக் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவின் வாழ்க்கை விடை கூறும். இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார்சைக்கிளைக் கண்டு வியந்த அவர், உணவுச்சாலையில் ஊழியம் செய்து பணம் சேர்த்து, அவ்வண்டியையே வாங்கிப் பிரித்துப் பார்த்தார். அந்த வண்டியே அவருக்குத் தொழிற்கல்லூரி ஆயிற்று. 1937இல் இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்யும் முயற்சியில் முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். எங்கள் குடாநாட்டிலும் 1990க்குப் பிற்பட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார்சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடச் செய்தவர்கள் பழைய இயந்திரத்தைப் பிரித்துப் படித்தவர்களே.

கொழும்பில் ஒரு வியாபாரியின் கொட்டிலில் இங்கிலாந்தில் வார்த்த இயந்திரம் ஒன்று இருப்பதாகக் கேள்வியுற்றுச் சென்றேன். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில், அது 1990இல் ஓயும் வரை, இயந்திரப் பகுதியிற் பணியாற்றிய முதியவர் ஒருவர் உடன் வந்தார். இயந்திரம் புதுப் பச்சைப் பெயின்றில் மணப்பெண்போல் நின்றது. நான் மேசையைத் தடவிப் பார்க்கையில் அவர் சிரித்தார்.

“பெயின்ற்றைப் பார்க்காதேயும் தம்பி. முதலிலை எண்ணெய் விடுற ஓட்டையளைப் பாரும்.”

“ஏன் ஐயா?”

“அதுகள் அடைபட்டிருந்தால், உள்ளுக்கை கனகாலம் உலர்ந்தபடி ஓடியிருக்கு எண்டு அர்த்தம்.”

ஐந்து துவாரங்களுள் ஒன்று அடைபட்டிருந்தது. அடுத்து, மேசையை நகர்த்தும் கைப்பிடியை முன்னும் பின்னும் திருப்பச் சொன்னார். திருகும் அதன் சுரையும் தேய்ந்த இயந்திரத்தில், கைப்பிடி சற்றுத் தூரம் வெறுமனே சுற்றிய பின்னரே மேசை நகரும். கைப்பிடி வளையத்தில் ஒரு பிரிவு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேசை நடுவில் நின்றபோது வெறுஞ்சுற்று 30 பிரிவு. ஓரத்திற் கொண்டுபோய்ப் பார்த்தபோது 8 பிரிவு. இவ்விரண்டு எண்களே பாடபேதங்கள். சுரை எங்கு சென்றாலும் அதே சுரைதான். அதன் தேய்வு எங்கும் ஒரே அளவு. ஓரத்துத் திருகு அதிகம் உழைக்காதது. ஆகவே அங்குள்ள 8 பெரும்பாலும் சுரையின் குற்றம். நடுவில் மிகுந்து காணும் 22, நாள்தோறும் வேலை நடந்த இடத்தில் திருகு தேய்ந்த தேய்வு. சுரையை மாற்றினால் முன்னது தீரும். பின்னதைத் தீர்க்கத் திருகையே புதிதாகச் செய்யவேண்டும்.

மேசை ஓடும் சரிவுத்தடங்களுக்கும் இதே சோதனைதான். நடுவிற் சரியாக ஓடும்படி ஆப்புத் தகட்டை இறுக்கினோம். ஓரங்களை அணுகுகையில் மேசை சிக்கிற்று. நடுத்தடம் தேய்ந்துள்ளது என்பது வெளிப்பட்டது. முழுமையாகத் திருத்துவதானால் இரும்பைக் கையாற் சுரண்டிச் சமன்செய்யவேண்டும். அது மாதக்கணக்கான வேலை. இறுதியாக, வெட்டி பூட்டும் கதிரை அரைமணி நேரம் வேகமாக ஓடவிட்டோம். பேரிங் இரைச்சலிடவில்லை, கைவைத்துப் பார்த்தால் இளஞ்சூடு மட்டுமே. டயல் கேஜின் முள்ளும் அரைப் பிரிவுக்கு மேல் அசையவில்லை.

இவற்றைக் கொண்டு முடிவு செய்வது எளிதாயிற்று. கதிர் கெட்டிருந்தால் திரும்பியிருப்பேன். அதனைச் சீர்செய்யும் ஆற்றல் எனக்கில்லை. திருகின் வெறுஞ்சுற்றோடு வாழ முடியும். எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவை அணுகவேண்டும். நடுவில் வளையத்தை நம்பாது தனி அளவுகோலை நம்பவேண்டும். வெட்டியின் சுழற்சிக்கு எதிராகவே வேலைப்பொருளைச் செலுத்தவேண்டும். சுழற்சியோடு செலுத்தினால் வெட்டி மேசையைத் திடீரென இழுத்துப் பற்களை முறித்துவிடும். சில அங்குல நீளக் கீவேக்கு அந்த நடுத்தடமும் போதும். குறைகளை எண்களாகச் சொன்னபோது வியாபாரியும் விலையைக் குறைத்தார். மூலையிற் சாக்கு மூடிக் கிடந்த பிரிப்புத்தலையையும் சேர்த்துத் தந்தார்.

அப்பிரிப்புத்தலை கணித ஆசிரியர்க்கு உவப்பளிக்கும் கருவி. அதன் கைப்பிடி 40 முறை சுற்றினால் வேலைப்பொருள் ஒரு முறை சுற்றும். 20 பல்லுள்ள சில்லுக்கு ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு சுற்று. 24 பல்லுக்கோ 40ஐ 24ஆல் வகுக்க, ஒன்றும் மூன்றில் இரண்டும் வரும். 15 துளையுள்ள வட்டத்தில் ஒரு முழுச் சுற்றும் பத்துத் துளையும் நகர்த்தினால் கணக்கு முடிந்தது. பின்னம் எதற்கு என்று கேட்கும் மாணவனை ஒருமுறை பட்டறைக்கு அழைத்துவாருங்கள்.

வாங்குவோர் மறக்கும் செலவுகள் இரண்டு. வெட்டிகள், அவற்றைப் பிடிக்கும் கவ்விகள், மேசைக் கிடுக்கி யாவும் சேர்ந்து சிலவேளை இயந்திரத்தின் விலையையே எட்டும். மற்றது மின்சாரம். பழைய இயந்திரங்களின் மோட்டார் பெரும்பாலும் மூன்று பேஸ் மின்சாரத்தைக் கேட்கும். சாதாரண வீட்டு இணைப்பில் இருப்பது ஒன்றே. 230 வோல்ற்றில் ஓடுமாறு சுற்றிணைப்பை மாற்றக்கூடிய மோட்டாராயின், இன்வேர்ட்டர் என்னும் பெட்டி ஒன்றினால் வீட்டு மின்சாரத்திலேயே ஓட்டலாம். பணம் கொடுக்குமுன் மோட்டாரின் பெயர்த்தகட்டை வாசித்தல் அவசியம்.

ஏறக்குறைய ஒரு தொன் இரும்பு லொறியில் பண்ணைத் தாம்போதியைக் கடந்து ஊர்காவற்றுறை சேர்ந்தது. நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ கொண்டுபோவதாயின் மேசை வேறு, தலை வேறு எனப் பிரித்து வள்ளத்தில் ஏற்றவேண்டியிருந்திருக்கும். இப்போது அத்தீவுகளின் தண்டுகள் என் கொட்டிலிலேயே பள்ளம் பெறுகின்றன. கடற்பயணம் அவர்களுக்கு இன்னமும் உண்டு. நகரப் பயணமும் காத்திருப்புமே குறைந்தன. காலையில் வருபவர் மாலைப் படகைப் பிடித்துவிடுகிறார். மறுநாள் அவர் கடலில் நிற்கிறார்.

1990இன் இடப்பெயர்வில் தீவகத்தார் பெருந்தொகையினர் ஊரை விட்டனர். பட்டறைகள் மூடுண்டன, கைத்தொழில் அறிந்தோர் பல தேசங்களுக்குச் சிதறினர். இரும்பைப் பணத்துக்கு வாங்கிவிடலாம். எண்ணெய்த் துவாரத்தை முதலிற் பார்க்கச் சொல்லும் முதியவரை எந்தக் கொட்டிலிலும் வாங்க முடியாது. அவர் போன்றோர் நம்மிடையே இருக்கும்போதே இளைஞர் அவர்களோடு சென்று பழைய இரும்பைப் படித்துக்கொள்ள வேண்டும். உப்புக்காற்று ஒருநாளும் ஓய்வதில்லை. ஆதலால் தினமும் எண்ணெய் இடுகிறேன். நடுவில் 30, ஓரத்தில் 8 என்ற எண்களை ஒரு கொப்பியில் எழுதி, மாதந்தோறும் அளந்து சேர்த்து வருகிறேன். என்றோ ஒருநாள் இவ்வியந்திரம் என்னிடமிருந்து வேறொரு தொடக்கக்காரனிடம் போகும். அப்போது அந்தக் கொப்பியும் அதனோடு போகும்.