சோபா வேண்டாம், பெஞ்ச் போதும் என்கிறார்களா வீட்டுப் பெரியவர்கள்? நாமே தைக்கலாம் குஷன்!

ஹாலில் மூன்று பேர் உட்காரும் சோபா கிடக்கும். ஆனாலும் வீட்டில் இருக்கும் பாட்டியோ தாத்தாவோ வாசல் பக்கம் போட்டிருக்கும் பழைய மர பெஞ்சைத்தான் தேடிப்போய் உட்காருவார்கள். 'அவ்வளவு காசு போட்டு சோபா வாங்கியும் இந்தக் கட்டையிலதான் உட்காரணுமா?' என்று நாமும் அலுத்துக்கொள்வோம்.

அவர்கள் கணக்கு வேறு. சோபாவில் உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. உடம்பு உள்ளே புதைந்து, முழங்கால் இடுப்புக்கு மேலே போய்விடும். அந்த நிலையிலிருந்து எழுந்திருக்க, மூட்டுவலி உள்ளவர்களுக்கு இன்னொருவர் கை வேண்டும். ஒவ்வொரு முறையும் பேரனைக் கூப்பிடப் பிடிக்காமல்தான் பலர் பெஞ்சுக்குப் போகிறார்கள். அங்கே யார் தயவும் இல்லாமல் எழுந்துகொள்ளலாம்.

பிரச்னை என்னவென்றால், பலகை உறுத்தும். வயதாக ஆக உட்காரும் இடத்தில் சதை வற்றிப்போய், எலும்பே நேராகப் பலகையில் அழுந்துகிற மாதிரி இருக்கும். சரி, ஒரு குஷன் வாங்கிப் போடலாம் என்று கடைக்குப் போனால், கிடைப்பதெல்லாம் புஸ் புஸ் என்று அமுங்கும் ரகம். நீளமும் அகலமும் நம் பெஞ்சுக்குப் பொருந்தாது. அதைக் கொண்டுவந்து போட்டால் பெஞ்சும் இன்னொரு சோபாவாகிவிடும். பெரியவர்கள் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி வெறும் பலகையிலேயே உட்காருவார்கள்.

அதனால், கொஞ்சம் தையல் தெரிந்தால் வீட்டிலேயே தைத்துவிடுவது நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான்.

துணிக்கடைக்குப் போகும் முன்...

இன்ச் டேப்பை அப்புறம் எடுக்கலாம். முதலில் வீட்டில் இருக்கும் நான்கைந்து பழைய பெட்ஷீட்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நான்காக மடித்து பெஞ்சில் போட்டு, உட்காரப்போகிறவரை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். பிறகு இன்னொன்றை அதன்மேல் போடுங்கள். உயரம் கூடக் கூட எழுந்திருப்பது சுலபமாகும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் குதிகால் தரையைவிட்டுத் தூக்கிக்கொள்ளும், தொடையின் அடிப்பக்கம் பலகை விளிம்பில் அழுந்தும். அதற்கு ஒரு மடிப்பு முன்னால் நிறுத்திவிடுங்கள். பாதம் முழுதாகத் தரையில் படிய வேண்டும், இடுப்பு முழங்காலுக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலேயோ இருக்க வேண்டும். அதுதான் அவருக்கான உயரம். இரண்டு நாள் அப்படியே உட்காரட்டும். சரியாக இருக்கிறது என்று அவரே சொன்ன பிறகு, அந்த அடுக்கைக் கையால் அழுத்திப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். ஒன்றரை இன்ச் வந்தால், ஆள் உட்காரும்போது அமுங்கிப்போவதையும் சேர்த்து 2 இன்ச் குஷன் போதும். பெஞ்சே உயரம் என்றால், உறுத்தல் போக 1 இன்ச்சுக்குக் கெட்டியாக ஏதாவது இருந்தாலே போதும்.

எங்கள் பாட்டியை இப்படி உட்காரவைத்துப் பார்த்தபோது இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. எழுந்திருக்கும்போது அவர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் பலகையில் ஊன்றித்தான் எழுகிறார். குஷன் பெஞ்சு முழுவதையும் மூடிவிட்டால் அந்தக் கை மெத்தென்ற இடத்தில் ஊன்றும், பிடிமானம் கிடைக்காது. அதனால் 5 அடி பெஞ்சுக்கு 4 அடி குஷன்தான் போட்டோம். இரண்டு ஓரத்திலும் ஆறு ஆறு இன்ச் வெறும் மரம். ஒரு பக்கம் அவர் கை ஊன்ற, இன்னொரு பக்கம் கை ஊன்றவும் வெற்றிலைப் பெட்டி வைக்கவும்!

உள்ளே என்ன வைப்பது?

ஃபோம் கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று சொல்வார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை இருக்கும் என்பதுதான் அந்த எண். எண் கூடினால் பொதுவாக அதிக நாள் உழைக்கும். ஆனால் அதை மட்டும் வைத்து எவ்வளவு கெட்டி என்று சொல்லிவிட முடியாது, ஒரே டென்சிட்டியில் மெத்தென்றும் இருக்கும், கெட்டியாகவும் இருக்கும். அதனால் விரலால் அமுக்கிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கடையிலேயே ஒரு துண்டைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். கடினமான தரை கீழே தட்டுப்பட்டால் வேண்டாம்.

பெரியவர்களுக்கு என்றால் இரண்டு அடுக்காக வைப்பது நன்றாக இருக்கும். கீழே 1 இன்ச் ரீபாண்டட் ஃபோம், மேலே 1 இன்ச் 40 டென்சிட்டி ஃபோம். ரீபாண்டட் என்பது ஃபோம் துண்டுகளைப் பொடித்து, ஒட்டி, அழுத்திச் செய்வது. பல வண்ணத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும், சுலபத்தில் அமுங்காது. சோபா ரிப்பேர் செய்யும் கடைகளில் மிச்சத் துண்டு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், 4 அடி நீளத் துண்டுக்காக முழு ஷீட் வாங்க வேண்டியிருக்காது.

'எனக்கு இலவம் பஞ்சுதான் வேணும்' என்று பெரியவர்கள் சொன்னால் அதையும் தள்ளிவிட வேண்டாம். தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் பக்கம் இலவம் பஞ்சுக்குப் பெயர்பெற்றது. அந்த இழையின் உள்ளே வெற்றிடம், மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீரில் மிதக்கும் என்பதால் ஒருகாலத்தில் கப்பலில் போட்டுக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட்டுகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். ஃபோம் அளவுக்குச் சூடு ஏறாது. ஆனால் நாளாக ஆகப் பஞ்சு ஓரங்களுக்கு ஒதுங்கி, நடுவில் பள்ளம் விழும். அதற்கு ஒரே வழி, நிறைய அடைத்து, ஆறு இன்ச்சுக்கு ஒரு இடத்தில் கோணூசியால் மேலிருந்து கீழே குத்தி எடுத்துக் கெட்டி நூலால் இழுத்து முடிச்சுப் போடுவது. விதை நீக்கிய பஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, ஃபேனை அணைத்துவிட்டு அடையுங்கள். ஃபேன் ஓடினால் வீடு முழுக்கப் பஞ்சு பறக்கும்.

வெட்டலாம், தைக்கலாம்

48 இன்ச் நீளம், 15 இன்ச் அகலம், 2 இன்ச் உயரக் குஷனுக்குக் கணக்கு சொல்கிறேன், உங்கள் பெஞ்சுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அகலம் மட்டும் பலகையைத் தாண்டக் கூடாது. முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், நுனியில் உட்காரும்போது குஷனோடு ஆளும் சரிய வாய்ப்பு உண்டு.

மேலுக்கும் அடிக்கும் 49-க்கு 16 இன்ச்சில் இரண்டு துண்டுகள். சுற்றிலும் அரை இன்ச் தையலுக்கு. பக்கவாட்டுப் பட்டியின் மொத்தச் சுற்று 126 இன்ச். இதில் பின்பக்கம் முழுவதும், இரு மூலையையும் தாண்டி 2 இன்ச் வரை ஜிப் வர வேண்டும். அதாவது 52 இன்ச். அதற்கு 53-க்கு 2 இன்ச்சில் இரண்டு பட்டிகள் வெட்டி, நடுவில் ஜிப்பை வைத்துத் தைத்தால் 3 இன்ச் அகலப் பட்டி கிடைக்கும். மீதிச் சுற்றுக்கு 38-க்கு 3 இன்ச்சில் இரண்டு பட்டிகளை இணைத்துக்கொள்ளுங்கள். 54 இன்ச் பன்னா உள்ள சோபா துணி என்றால் ஒன்றேகால் மீட்டரில் எல்லாமே அடங்கிவிடும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். ஜிப்பை மீட்டர் கணக்கில் ரோலில் இருந்து வெட்டித் தருவார்கள், ரன்னர் தனியாக வாங்க வேண்டும்.

காட்டன் துணி என்றால் வெட்டும் முன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள், சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கட்டும். சென்னிமலை பெட்ஷீட் போன்ற கெட்டியான கைத்தறித் துணியும் இதற்கு அருமையாக இருக்கும். வழுவழு துணியும் ரெக்ஸினும் வேண்டாம். ஒன்று வழுக்கும், இன்னொன்று வெயில் காலத்தில் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் ஜிப், பிறகு பட்டிகளைச் சேர்த்து ஒரு வளையம், அதை மேல்துண்டோடு, கடைசியாக அடித்துண்டோடு என்ற வரிசையில் தையுங்கள். மூலை வரும்போது பட்டியின் ஓரத்தில் அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவாகக் கத்தரி போட்டு, ஊசி துணியில் இறங்கியிருக்கும்போதே திருப்பினால் மூலை சுருக்கமில்லாமல் வரும். கடைசிச் சுற்றுக்கு முன் ஜிப்பைத் திறந்துவைக்க மறந்துவிடாதீர்கள், இல்லாவிட்டால் உறையைத் திருப்ப முடியாது! வீட்டுத் தையல் மெஷினே போதும். 16-ம் நம்பர் ஊசி மாட்டி, தையலைக் கொஞ்சம் நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் இல்லையா? துண்டுகளை அளவாக வெட்டி, அடையாளம் போட்டுத் தையல் கடையில் கொடுத்தால், அளவெடுக்கும் வேலை அவர்களுக்கு மிச்சம்.

ஃபோமை உறையைவிட அரை இன்ச் பெரிதாக வெட்டினால்தான் குஷன் தொளதொள என்று இல்லாமல் விறைப்பாக நிற்கும். பிரெட் வெட்டும் பல் வைத்த கத்தி இதற்குச் சரியாக இருக்கும். உறைக்குள் நுழைக்கும்போது துணி ஃபோமில் ஒட்டிக்கொண்டு நகராது. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டை ஃபோமில் சுற்றி நுழைத்துவிட்டு, பிறகு ஷீட்டை மட்டும் உருவி எடுத்துவிடுங்கள்.

பிளைவுட்டில் ஃபோம் வைத்து, துணியை ஸ்டேப்ளர் கன்னால் அடித்துவிடும் முறையும் இருக்கிறது. கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் அது அழகு. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு என் ஓட்டு கழற்றித் துவைக்கும் உறைக்குத்தான்.

காரணம், பலர் வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு விஷயம். வயதானவர்களில் சிலருக்கு இருமினால், தும்மினால்கூட சிறுநீர் கசியும். ஃபோமுக்குள் அது இறங்கிவிட்டால் எத்தனை முறை காயவைத்தாலும் வாடை போகாது. 'குஷன் எனக்கு வேண்டாம்' என்று அவர்கள் ஒதுங்குவதற்குப் பின்னால் இந்தப் பயமும் இருக்கலாம். மேல் உறைக்கு உள்ளே, குழந்தைகளுக்கு விரிக்கும் வாட்டர் ப்ரூஃப் ஷீட்டால் ஃபோமைச் சுற்றி ஓர் உள் உறை தைத்துவிடுங்கள். மேல் உறை இரண்டு செட் இருக்கட்டும். ஏன், எதற்கு என்று யாரிடமும் விளக்க வேண்டாம், 'தூசி படாம இருக்க' என்று சொன்னால் போதும்.

வழுக்கினால் வம்பு

பாலிஷ் போட்ட தேக்கு பெஞ்சில் குஷனைச் சும்மா வைத்தால், உட்காரும்போது முன்னால் நகரும். பெரியவர்கள் பாதி உட்கார்ந்த நிலையில் அது நகர்ந்தால் நேரே தரைதான். அடியில் வழுக்காத ரப்பர் வலை மேட் ஒன்றை வெட்டிப் போடுங்கள். அதோடு, மிஞ்சிய துணியில் நாடா தைத்து, முன்னாலும் பின்னாலும் இருந்து பலகைக்கு அடியில் கொண்டுபோய் வெல்க்ரோவால் இணைத்துவிடுங்கள். இப்படி இரண்டு இடத்தில். முடிச்சுப் போட்டு நுனியைத் தொங்கவிட்டால் காலில் மாட்டும். போட்டு முடித்ததும் முதலில் நீங்கள் நுனியில் உட்கார்ந்து நகர்கிறதா என்று பாருங்கள்.

நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், தானாக அசைந்து உட்கார முடியாதவர்கள் என்றால் இந்தக் குஷன் போதாது. படுக்கைப்புண் வரும் அபாயம் இருப்பதால் டாக்டரிடம் கேட்டுத்தான் குஷன் வாங்க வேண்டும்.

மேல் உறையை ஜிப்பை மூடித் துவையுங்கள். இலவம் பஞ்சுக் குஷனை அவ்வப்போது நல்ல வெயிலில் போட்டுத் தட்டி எடுத்தால் மறுபடி உப்பும். ஃபோமுக்கு வெயில் ஆகாது, மஞ்சளாகி உதிரத் தொடங்கும், நிழலில் காற்றாட வைத்தால் போதும். இரண்டுமே சட்டென்று தீப்பிடிக்கக்கூடியவை. சாயங்காலமானால் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. குஷன் போட்ட நாளிலிருந்து சுருளுக்கு வேறு இடம் பாருங்கள்.