கழற்றி வைக்க முடியாத பொக்கிஷம்

அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாலைவேளைகளில் எல்லா வார்டுகளிலும் ஒரே காட்சியை நாங்கள் காண்கிறோம். செவிலியர் கட்டிலருகே வந்து, "நகைகளையெல்லாம் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள், அம்மா" என்கிறார். தோடு, மூக்குத்தி, வளையல், மெட்டி என ஒவ்வொன்றாகக் கைக்குட்டைக்குள் சேர்கின்றன. ஆண்டுக்கணக்கில் கழற்றப்படாத மோதிரத்துக்குச் சோப்பு நீர் தேவைப்படுகிறது. கடைசியாகத் தாலிச்சரட்டைத் தொடும்போது பல தாய்மார்களின் விரல்கள் தயங்கி நின்றுவிடுகின்றன. "இதை மட்டும் விட்டுவிடக் கூடாதா, சிஸ்டர்?" என்று கேட்கும் குரலில் அச்சமும் அன்பும் கலந்திருக்கின்றன.

இந்த விதி காரணமின்றி ஏற்பட்டதன்று. அறுவையின்போது இரத்தக் கசிவை நிறுத்த மின்சாரத்தால் இயங்கும் கருவி பயன்படுத்தப்படுகிறது. உடலில் உலோகம் இருந்தால் அவ்விடத்தில் தீக்காயம் ஏற்படக்கூடும். கை வீங்குமானால் மோதிரம் விரலுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். நகப்பூச்சு, விரலில் மாட்டி ஆக்சிஜனை அளக்கும் கருவியைக் குழப்பலாம். கழலும் பொய்ப்பற்கள் மயக்க நிலையில் தொண்டைக்குள் நழுவக்கூடும். ஆகவே, கழற்றச் சொல்வது உங்கள் உயிரைக் காக்கவே.

காரணம் புரிந்தாலும் மனம் உடனே ஆறிவிடுவதில்லை. நாம் பேணி வைத்திருக்கும் பொருளின் மதிப்பு அதன் எடையில் இல்லை. அந்த வளையல் தாய் கொடுத்தது. அந்தக் கைக்கடிகாரம் மகன் தன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. அவற்றைக் கழற்றும்போது, நம்மை நேசித்தவர்களின் கையையே விடுவதுபோல் தோன்றுகிறது.

இந்த ஏக்கத்தை ஆண்டவராகிய இயேசு இகழவில்லை. பத்து வெள்ளிக்காசுகளில் ஒன்றைத் தொலைத்த ஒரு பெண்ணைப் பற்றி அவர் கதை சொன்னார். அவள் விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கி, அது அகப்படும்வரை தேடுகிறாள். கிடைத்ததும் அக்கம்பக்கத்தாரை அழைத்து மகிழ்கிறாள். ஒரு காசுக்காக இத்தனை பாடா என்று அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அவளைப் போலவே தேவன் மனிதரைத் தேடுகிறார் என்றார். அந்தக் கதையில் பொக்கிஷம் நம் கையில் இருக்கும் பொருளன்று. தேடப்படும் நாமே அந்தப் பொக்கிஷம்.

நோயுற்றோர் பலர் எங்களிடம் தாழ்ந்த குரலில் சொல்லும் வருத்தம் ஒன்று உண்டு. "என் வைத்தியத்துக்காக வீட்டு நகையெல்லாம் அடகுக்குப் போய்விட்டது. மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்தது. நான் குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டேன்." வலியைவிட இந்த எண்ணமே சிலரை இரவில் உறங்கவிடுவதில்லை.

அவர்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது இது. ஒருவருடைய செல்வம் எதில் இருக்கிறதோ அதிலேதான் அவருடைய இருதயமும் இருக்கும் என்று இயேசு போதித்தார். அடகுக் கடைக்குப் போன சங்கிலி, உங்கள் குடும்பத்தாரின் இருதயம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிவிட்டது. பூட்டிய பெட்டிக்குள் அன்று, இந்தக் கட்டிலின்மேல். நகை போயிற்று என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். அவர்களோ, தங்களுக்கு அதைவிட அருமையானதைக் காத்துக்கொள்ளவே அதைக் கொடுத்தார்கள். அடகு வைக்க நகையே இல்லாத குடும்பங்களும் இங்கே உண்டு. இரவெல்லாம் வராந்தாவில் பாய் விரித்துக் காத்திருக்கும் அவர்களுடைய அன்பும் சற்றும் குறைந்ததன்று.

பொன்னைவிட அருமையான சிலவற்றையும் நோய் நம்மிடம் கேட்டுவிடுவதுண்டு. தலைமுடி, மார்பகம், ஒரு கால், நடக்கும் வலிமை, செய்துவந்த வேலை. இவற்றைக் கைக்குட்டையில் முடிந்து வைத்து மறுநாள் திரும்பப் பெற முடியாது. இத்தகைய இழப்பை அறிந்த ஒருவரை இங்கே நினைவுகூருகிறோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ், 1954ஆம் ஆண்டு நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். இளம் மருத்துவராக அவர் கண்ட கனவுகள் பலவும் அன்று அவர் கையைவிட்டுப் போயின. பின்னர், டாக்டர் பால் பிராண்ட் அளித்த ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மறுவாழ்வு மருத்துவத்தில் வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1966இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்துக்குத் தலைமை தாங்கினார். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அவர் மீண்டும் நடக்கவில்லை. இதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. விசுவாசம், இழந்ததையெல்லாம் திருப்பித் தரும் ஒப்பந்தம் அன்று. பவுல் அப்போஸ்தலர் நம் உடலை மண்பாண்டத்துக்கு ஒப்பிட்டு, அதற்குள் தேவன் வைத்த பொக்கிஷத்தைப் பற்றி எழுதினார். மண்பாண்டம் விரிசல் காணும். அதற்குள் வைக்கப்பட்டதன் மதிப்போ அதனால் குறைவதில்லை.

அப்படியானால் அந்தப் பொக்கிஷம் எது? நம் ஜெபத்தின் வலிமையா, மன உறுதியா? அறுவை அரங்கில் மயக்க மருந்து ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில் ஜெபமும் நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. கடும் காய்ச்சலிலும் தாங்க இயலாத வலியிலும், "இப்போது என்னால் ஜெபிக்கவே முடியவில்லை" என்று பலர் எங்களிடம் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். அந்த வேளையில் நாம் எதையும் பற்றிக்கொண்டிருப்பதில்லை, நாம் பற்றிக்கொள்ளப்பட்டிருக்கிறோம். மரணமோ, வாழ்வோ, வேறு எதுவுமோ கிறிஸ்துவில் விளங்கும் தேவ அன்பிலிருந்து நம்மைப் பிரிக்க இயலாது என்பதே கிறிஸ்தவ விசுவாசத்தின் அடித்தளம். தாலியைக் கழற்றி வைப்பதால் மணவாழ்வு கழன்றுபோவதில்லை. அது போலவே, வலிமை நம்மைவிட்டு நீங்கும்போதும் தேவன் நம்மைவிட்டு நீங்குவதில்லை.

நிறைவாகச் சில சொற்கள். கழற்றிய நகைகளை எண்ணிப் பார்த்து, நம்பிக்கைக்குரிய உறவினர் ஒருவரிடம் மட்டும் ஒப்படையுங்கள். தலையணைக்கு அடியில் வைக்க வேண்டாம். கழற்ற வராத மோதிரத்தைப் பற்றிச் செவிலியரிடம் முன்னதாகவே சொல்லுங்கள். செலவு உங்களை நெருக்குமானால், எதையும் அடகு வைக்கும் முன் மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அதில் வெட்கம் ஏதும் இல்லை. சமய வேறுபாடின்றி யாருக்காகவும் ஜெபிக்க எங்கள் போதகர்கள் ஆயத்தமாயிருக்கிறார்கள். ஜெபம் வேண்டாம், சற்று நேரம் உடன் அமர்ந்திருந்தால் போதும் என்றாலும் வருவார்கள்.

நாளை காலை உங்களை அறுவை அரங்குக்கு அழைத்துச் செல்லும்போது, வெறுங்கையாகச் செல்வதாக எண்ணாதீர்கள். கைக்குட்டையில் முடிந்தவை வெளியே உறவினரின் மடியில் காத்திருக்கும். உங்களைத் தம் பொக்கிஷமாக எண்ணுகிறவரோ உள்ளேயும் உங்களோடு வருகிறார்.