சால் தைத்த குடும்பத்தில் ஒரு டீசல் எஞ்சின்

பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் சாலையை விட்டு மேற்கே திரும்பினால் பாலமலை அடிவாரத்துத் தோட்டங்கள் தொடங்கும். சில வாரங்களுக்கு முன் அங்கே ஒரு தோட்டத்து இரும்புக் கேட்டுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தான் என் சித்தப்பா மகன். பக்கத்தில் இரண்டு சக்கர டிரெய்லரில் டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த எஞ்சின் ஓடாத பழைய டிராக்டர் ஒன்றிலிருந்து கழற்றியது. அதோடு பூட்டியிருந்த வெல்டிங் ஜெனரேட்டர், எஞ்சின் வெடித்துப்போய்ப் பழைய இரும்புக் கடையில் கிடந்தது. இரண்டையும் வாங்கி ஒன்றாக்கியவன் அவன்.

இந்தப் பத்தியில் மயானப் பாதை, பஞ்சமி நிலம், வன்கொடுமை வழக்கு என்று எழுதி வருகிறோம். இந்த வாரம் ஓர் எஞ்சினைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகளின் கையில் தொழில் வந்துவிட்டது. தொழில் செய்யும் கருவி யாருடையது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

தும்பிக்கு வேலை போன கதை

எங்கள் தாத்தா சால் தைத்தவர். மோட்டார் வருவதற்கு முன் கொங்கு நாட்டுக் கிணறுகளில் கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். எருதுகள் சரிவில் இறங்க, வடக்கயிற்றில் கட்டிய சால் நிறைந்து மேலே வரும். சாலோடு சேர்ந்த தோல் தும்பி தண்ணீரை வாய்க்காலில் கொட்டும். அந்தத் தோலைப் பதப்படுத்தி, தைத்து, கிழிந்தால் ஒட்டுப் போட்டுக் கொடுத்தவர்கள் அருந்ததியர். அறுவடைக் களத்தில் அளந்து போடும் தானியம்தான் கூலி. தோட்டம் முழுக்கப் பாய்ந்த தண்ணீர் எங்கள் தாத்தா தைத்த தோல் வழியாக வந்தது. அதே கிணற்றில் இறங்கி ஒரு குடம் மொள்ள அவருக்கு உரிமை இல்லை.

1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. 1937இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். ஆயில் எஞ்சினும் பம்புசெட்டும் ஒவ்வொரு கிணறாக ஏறின. நம் ஊரிலும் 1930இல் அவினாசிலிங்கம் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் கல்வி வளர்ந்தது. 1962இல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நூற்பாலை எந்திரங்களைச் செய்தது. மாவட்டமே எந்திர மாவட்டமானது.

எங்கள் தாத்தாவின் ஊசியும் வாரும் மூலைக்குப் போயின. எஞ்சின் பழகிக்கொள்கிறாயா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. பிழைப்புக்காகப் பண்ணையத்துக் கூலிக்குப் போனார். என் அப்பா பவுண்டரியில் மண் சலித்தார். எந்திரம் வந்தால் சாதி தானாகக் கரைந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. எங்கள் குடும்பத்தில் எந்திரம் முதலில் கொண்டுவந்தது வேலையின்மையைத்தான்.

இடம் இல்லாதவனின் பட்டறை

என் தம்பி பத்தாம் வகுப்போடு நின்றவன். ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, ராடு எடுத்துக் கொடுத்து, கசடு தட்டி, பார்த்துப் பார்த்தே பற்றவைக்கப் பழகினான். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தனியாகப் பட்டறை போட நினைத்தான். இடம் கேட்டுப் போன இரண்டு இடங்களில் முதலில் ஊர் கேட்டார்கள், பிறகு தெரு கேட்டார்கள், பிறகு "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. சொந்த இடமும் கிடையாது, வாடகை இடமும் கிடைக்கவில்லை என்றால் மும்முனை மின் இணைப்புக்கு எதைக் காட்டி விண்ணப்பிப்பது?

தோட்டங்களுக்கே போய் வேலை செய்யலாம் என்றால் அங்கும் ஒரு சிக்கல். விவசாயத்துக்கான இலவச மின் இணைப்பிலிருந்து வெல்டிங் மிஷினுக்கு மின்சாரம் எடுப்பது விதிமீறல். பிடிபட்டால் அபராதம். அப்போதுதான் எஞ்சினோடு கூடிய வெல்டிங் செட் பற்றி யோசித்தான். எஞ்சின் இருந்தால் பட்டறை சக்கரத்தில் ஏறிவிடும். யாரிடமும் இடம் கேட்க வேண்டாம். புதிய செட்டின் விலை எட்டாத உயரம். எனவே பழசைத் தேடினான்.

கணக்கு போட்டபின் எஞ்சின்

மாணவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். முதலில் அவன் வாங்க நினைத்தது கிணற்று மேட்டில் சும்மா கிடந்த 5 குதிரைத்திறன் ஒற்றை சிலிண்டர் எஞ்சினை. விலை மலிவு. பாலிடெக்னிக்கில் மின்னியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகள்தான் தடுத்தாள். "இருங்க மாமா, கணக்குப் போட்டுப் பாக்கலாம்" என்று நோட்டை எடுத்தாள்.

செட்டின் பெயர்ப்பலகையில் 300 ஆம்பியர், நிமிடத்துக்கு 1500 சுற்று என்று இருந்தது. 300 ஆம்பியரில் பற்றவைக்கும்போது ஆர்க்கில் சுமார் 32 வோல்ட் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 9,600 வாட். எஞ்சின் கொடுக்கும் சக்தி முழுவதும் மின்சாரமாகிவிடாது. சூட்டிலும் உராய்விலும் ஒரு பங்கு போகும். பழைய ஜெனரேட்டர் என்பதால் 60 விழுக்காடு மட்டும் தேறும் என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் தரவேண்டியது 16,000 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆக 21 குதிரைத்திறனுக்குக் குறையக் கூடாது. 5 குதிரைத்திறன் எஞ்சினைப் பூட்டியிருந்தால் 10-ஆம் நம்பர் ராடுக்கே திணறியிருக்கும். வாங்கிய காசு வீணாகியிருக்கும்.

அதனால் மூன்று சிலிண்டர், 35 குதிரைத்திறன் டிராக்டர் எஞ்சினுக்குப் போனான். 1500 சுற்றில் ஓட்டும்போது அந்த 35 முழுதாகக் கிடைக்காது. ஆனாலும் தேவைக்குப் போதும்.

பூட்டுவதிலும் பாடங்கள் இருந்தன. லாரியில் எஞ்சின் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த டிராக்டரில் எஞ்சினே சட்டம். முன் அச்சையும் பின்னால் உள்ள கியர் பெட்டியையும் அதுதான் தாங்கும். எனவே கழற்றிய எஞ்சினுக்கு உட்காரக் கால்கள் இல்லை. முன்னும் பின்னும் கனமான தகடு வெட்டித் தாங்கு சட்டம் செய்தான். ஜெனரேட்டர் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று அதன்மேல் அம்புக்குறி இருந்தது. எஞ்சின் சுற்றும் திசையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தான். திசை மாறினால் இந்த வகை ஜெனரேட்டரில் மின்சாரம் எழும்பாது. நடுவில் ரப்பர் வைத்த கப்ளிங். டயல் கேஜ் வைத்து, இரண்டு தண்டும் ஒரே நேர்க்கோட்டில் வரும்வரை ஷிம் தகடு மாற்றி மாற்றி வைத்தான். கோணினால் முதலில் ரப்பர் தேயும், பிறகு பேரிங் போகும்.

அடுத்தது கவர்னர். ராடு இரும்பைத் தொட்டதும் சுமை ஒரே நொடியில் ஏறும், எடுத்ததும் இறங்கும். அதற்கேற்ப டீசலைக் கூட்டிக் குறைத்து 1500 சுற்றைக் காப்பது கவர்னர் வேலை. டீசல் பம்பைக் கடையில் கொடுத்துச் சரிபார்த்தான். கவர்னர் சிக்கிக்கொண்டு எஞ்சின் கட்டுமீறி ஓடினால் ஜெனரேட்டரே சிதறலாம். அதனால் நிறுத்தும் கேபிளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தான். சுற்றும் கப்ளிங்கைக் கம்பி வலையால் மூடினான். புகைக்குழாயை மேலே தூக்கிவிட்டான்.

முதல் நாள் எஞ்சின் நன்றாக ஓடியது. மின்சாரம் வரவில்லை. இரண்டு நாள் சோர்ந்து உட்கார்ந்திருந்தான். பல ஆண்டுகள் சும்மா கிடந்ததில் ஜெனரேட்டரின் இரும்பில் மிச்சமிருக்க வேண்டிய காந்தம் போயிருக்கும் என்றாள் அக்கா மகள். எஞ்சினை நிறுத்தி, ஃபீல்டு காயிலைத் தனியே கழற்றி, 12 வோல்ட் பேட்டரியைப் பிளஸ், மைனஸ் மாறாமல் சில நொடி கொடுத்தார்கள். கார்பன் பிரஷ்களையும் சுத்தம் செய்து மீண்டும் ஓட்டியபோது ராடு நுனியில் பொறி பறந்தது. அவன் கைக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. அவள் படித்தது அவனுக்குத் தெரியாது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்ததால் வேலை முடிந்தது.

ரசீது வாங்குங்கள்

பழைய எஞ்சின் வாங்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் எண் எழுதிய, விற்றவர் கையெழுத்துப் போட்ட ரசீது இல்லாமல் ஒரு போல்ட் கூட வண்டியில் ஏற்றாதீர்கள். டிராக்டரிலிருந்து கழற்றியது என்றால் அதன் பதிவுச் சான்று நகலையும் கேட்டு வாங்குங்கள். வழியில் நிறுத்தி "எங்கடா எடுத்தது?" என்று கேட்கும்போது, நம் தெருக்காரன் சொல்லும் வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு என்பது நமக்குத் தெரியும். என் தம்பி ரசீதை லேமினேட் செய்து டிரெய்லர் பெட்டியில் வைத்திருக்கிறான்.

அந்த டிரெய்லரில் போன் நம்பர் மட்டும் எழுதியிருந்தது. பெயர் எழுதவில்லையா என்று கேட்டேன். "பேரு போட்டா ஊரு கேப்பாங்க, ஊரு சொன்னா தெரு கேப்பாங்க. நம்பரே போதுங்கண்ணா" என்றான். அன்று கேட் வேலை முடிந்ததும் தோட்டக்காரர் "வேலை சுத்தமா இருக்குதுங்க" என்று மனதாரச் சொன்னார். பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்தார். தேநீர் வந்தபோது அவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர், எங்கள் இருவருக்கும் காகித டம்ளர்.

அரசு செய்ய வேண்டியது

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் அம்பேத்கர். போர்க்காலத் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் அந்தத் துறையின் கீழ் இருந்தது. ஒடுக்கப்பட்டோர் தொழில்நுட்பம் கற்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தமிழ்நாட்டில் 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. பாலிடெக்னிக்கில் நம் பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதில் இந்தச் சட்டத்துக்குப் பங்கு உண்டு.

படித்து முடித்தபின் தொழில் தொடங்க அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் திட்ட மதிப்பில் 35 விழுக்காடு மானியமும், 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். நல்ல திட்டம். நம் இளைஞர்கள் பயன்படுத்த வேண்டும்.

ஆனால் என் தம்பி ஒரு வங்கிக் கிளையில் கடன் கேட்டபோது கம்பெனி கொட்டேஷன் கேட்டார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் எப்படிக் கொட்டேஷன் தருவார்? புதிய எந்திரம் என்றால் கடன் தருவோம் என்றார்கள். அதற்கு நம் பங்காகப் போட வேண்டிய தொகை அவனிடம் இல்லை. கடைசியில் கந்துவட்டிக்கு வாங்கித்தான் எஞ்சின் வந்தது. சம்பாதிப்பதில் பெரும்பங்கு இன்னும் வட்டிக்குப் போகிறது.

எனவே இரண்டு கோரிக்கைகள். பழைய எந்திரத்தைப் புதுப்பித்துத் தொழில் செய்பவரின் கருவியை அரசு பாலிடெக்னிக் அல்லது தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்கள் சோதித்து மதிப்புச் சான்று தர வேண்டும். அந்தச் சான்றைக் கொட்டேஷனுக்கு ஈடாக ஏற்று, சிறு தொகைக் கடனும் மானியமும் தர மாவட்ட நிர்வாகம் வழி செய்ய வேண்டும். அடுத்த குறைதீர்க்கும் நாளில் இதை மனுவாகக் கொடுக்க இருக்கிறோம். சொந்தக் கருவி வைத்துத் தொழில் செய்யும் நம் தோழர்கள், ரசீதும் சாதிச் சான்று நகலும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.